வானில் பறந்த செவிலியர்கள்: பிரிட்டிஷ் விமானப்படையில் விமானச் செவிலியப் பணி தொடங்கிய கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்சிங் படிப்பவர்களும் இரண்டாம் உலகப்போர் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களும் இந்தப் பொருளைத் தேடும்போது பெரும்பாலும் கண்ணில் படுவது 1944-ல் பறந்த பிரிட்டிஷ் பெண்களின் ஒரே ஒரு புகைப்படமும் 'பறக்கும் நைட்டிங்கேல்கள்' என்ற பட்டப்பெயரும்தான். அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் நடந்தவை இங்கே கேள்வி பதிலாக.

போர்முனையிலிருந்து காயம்பட்டவர்களை விமானத்தில் கூட்டிவந்த முதல் பிரிட்டிஷ் நர்ஸ் யார்?

பத்திரிகைகள் வழக்கமாகச் சொல்வது மூன்று பெயர்கள்: லிடியா ஆல்ஃபோர்ட், மைரா ராபர்ட்ஸ், எட்னா பிர்க்பெக். நேசநாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கி ஒரு வாரம் ஆனபோது, 1944 ஜூன் 13 அன்று, இங்கிலாந்தின் பிளேக்ஹில் ஃபார்ம் தளத்திலிருந்து இவர்கள் பிரான்சுக்குப் பறந்து காயம்பட்டவர்களோடு திரும்பினார்கள். பிரிட்டிஷ் அரசு போர்க்களத்துக்கு விமானத்தில் அனுப்பிவைத்த முதல் பெண்கள் என்று அன்றைய செய்தித்தாள்கள் இவர்களைக் கொண்டாடின.

ஆனால் விமானப்படையின் ஏட்டில் இவர்கள் யாரும் நர்ஸ் அல்ல. மூவரும் பெண்கள் துணை விமானப்படையைச் சேர்ந்த நர்சிங் ஆர்டர்லிகள், அதாவது பதிவு பெறாத செவிலிய உதவியாளர்கள். ஆல்ஃபோர்ட் கார்ப்பரல், மற்ற இருவரும் அவருக்கும் கீழ்நிலை. அதே விமானப்படையில் முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சிஸ்டர்கள் இருந்தார்கள். அன்று பறந்தது அவர்கள் அல்ல. பிரிட்டனின் விமானச் செவிலியப் பணி மேலிருந்து திட்டம் போட்டுத் தொடங்கிய சேவை அல்ல, இருப்பதை வைத்து ஒப்பேற்றியதில் முளைத்த ஒன்று என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

அதற்கு முன் காயம்பட்டவர்களை விமானத்தில் ஏற்றியதே இல்லையா?

ஏற்றியிருக்கிறார்கள். 1870-ல் பாரிஸ் முற்றுகையின்போது பலூன்களில் காயம்பட்ட வீரர்களை வெளியே கொண்டுவந்தார்கள் என்று பல பாடநூல்களில் இன்றும் இருக்கிறது. அது கட்டுக்கதை. அந்த பலூன்களில் போனவை கடிதங்கள், புறாக்கள், சில பயணிகள், அவ்வளவுதான்.

பிரிட்டனின் உண்மையான கணக்கு 1917 பிப்ரவரியில் சினாய் பாலைவனத்தில் தொடங்குகிறது. பிர் எல் ஹஸ்ஸானா என்ற இடத்தில் ஒட்டகப்படை வீரர் ஒருவருக்குக் கணுக்காலில் குண்டடி. ஒட்டகத்தில் கட்டித் தூக்கிக்கொண்டு போனால் எல் அரிஷ் மருத்துவமனைக்கு மூன்று நாள். பிஇ2சி என்ற இரட்டை இருக்கை விமானத்தின் காலி இருக்கையில் அவரை உட்காரவைத்து 45 நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இருந்த இரண்டு இருக்கையில் ஒன்று விமானிக்கு, இன்னொன்று நோயாளிக்கு. கவனிக்க ஓர் ஆள் ஏற இடம் ஏது?

1920-ல் சோமாலிலாந்தில் டிஎச்9 விமானத்தின் முதுகில், விமானிக்குப் பின்னால், சவப்பெட்டி போன்ற ஒரு கூடு அமைத்து அதற்குள் ஒரு ஸ்ட்ரெச்சரை வைத்தார்கள். படத்தைப் பார்த்தால் இதில் படுக்க யாருக்குத் துணிச்சல் வரும் என்றுதான் தோன்றும். 1923-ல் ஈராக்கின் குர்திஸ்தான் பகுதியில் படையினரிடையே சீதபேதி பரவியது. விக்கர்ஸ் வெர்னான் என்ற பெரிய படைபோக்குவரத்து விமானங்களில் சுமார் 200 பேரை பாக்தாத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒருவர் இருவராக அல்லாமல், பெருங்கூட்டமாகவே நோயாளிகளை வான்வழியில் மாற்ற முடியும் என்று பிரிட்டிஷ் விமானப்படைக்குப் புரிந்தது அப்போதுதான்.

விமானப்படைக்கென்று தனிச் செவிலியர் பிரிவு எப்போது வந்தது?

விமானப்படை 1918 ஏப்ரல் 1-ல் உருவானது. அதன் செவிலியர் பிரிவு அதே ஆண்டு ஜூன் 1-ல் தற்காலிக அமைப்பாகத் தொடங்கி, 1921-ல் நிரந்தரமானது. 1923-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மகள் இளவரசி மேரி புரவலர் ஆனார். அன்றிலிருந்து 'இளவரசி மேரி விமானப்படைச் செவிலியர் சேவை' என்பது அதன் பெயர்.

தொடக்க காலத்தில் 1930 வரை தலைமை மேட்ரனாக இருந்து இந்தச் சேவையைக் கட்டி எழுப்பியவர் ஜோவானா குரூக்ஷாங்க். இந்தியாவில் லேடி மின்டோ செவிலியர் சங்கத்தில் வேலை பார்த்த அனுபவம் அவருக்கு இருந்தது. பக்கிங்ஹாம்ஷயரில் ஹால்டன் மருத்துவமனை 1927-ல் திறக்கப்பட்டபோது அதுவே இந்தச் சிஸ்டர்களின் தலைமையிடம் போல ஆனது.

பிரிவு 1918-லேயே இருந்தது. பறக்கும் வேலைக்கு 1944 வரை ஏன் காத்திருந்தார்கள்?

பெயரில் விமானம் இருந்தாலும் அந்தச் சிஸ்டர்களின் வேலை தரையில், மருத்துவமனை வார்டில்தான். விமானத்தில் போய்வருவதை ஒரு முறையான பணியாக யாரும் வகுக்கவில்லை.

காரணம் பெண்களின் தயக்கம் அல்ல. பிரிட்டனுக்குள் தூரம் குறைவு. ஆம்புலன்ஸ் ரயில் இருந்தது, நல்ல சாலை இருந்தது. தூரமும் பாலைவனமும் இருந்தது ஈராக்கிலும் மற்றக் காலனிகளிலும். அங்கே பறந்தவை குண்டுவீச்சுக்கும் படை ஏற்றவும் வாங்கிய விமானங்கள். நோயாளி ஏறினால் கூடவே ஆண் ஆர்டர்லி ஒருவர் ஏறுவார். பெண்களைப் போர்ப்பகுதியில் பறக்கவிடுவதா என்ற மனத்தடை அதற்கு மேல். ஐரோப்பாவில் மற்ற நாடுகளில் இந்த யோசனை முன்பே பேசப்பட்டது. பிரான்சில் மாரி மார்வின் என்ற பெண் விமானி 1910-லிருந்தே விமான ஆம்புலன்சுக்காகக் குரல் கொடுத்தார். 1912-ல் ஒன்றைச் செய்துதரச் சொல்லி ஒரு விமான நிறுவனத்திடம் ஆர்டரும் கொடுத்தார். நிறுவனம் திவாலாகிவிட்டது. பிரிட்டனில் அப்படி விடாப்பிடியாக நின்று கேட்கும் ஒருவர் இல்லாமல் போனதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1944-ல் அப்படி என்ன மாறியது?

டகோட்டா வந்தது. அமெரிக்கா தயாரித்த இரட்டை எஞ்சின் சரக்கு விமானம். கரடுமுரடான களத்திலும் இறங்கும், பக்கவாட்டில் அகலமான கதவு, உள்ளே நல்ல இடம். பிரான்சில் இறங்கும் படையெடுப்புக்காகவே விமானப்படையின் போக்குவரத்துப் பிரிவின்கீழ் 46-வது குழு அமைக்கப்பட்டு, டவுன் ஆம்ப்னி, பிராட்வெல், பிளேக்ஹில் ஃபார்ம் ஆகிய மூன்று தளங்களில் டகோட்டாக்கள் நின்றன. மூன்றும் தென் இங்கிலாந்தில், ஒன்றுக்கொன்று பக்கத்தில்.

இவை முதலில் வந்தது நோயாளிக்காக அல்ல. வான்குடைப் படையினரை இறக்கவும், எஞ்சின் இல்லாத கிளைடர்களை இழுக்கவும், பிறகு பிரான்சில் முன்னேறும் படைக்கு வெடிமருந்தும் பெட்ரோலும் உணவும் கொண்டுபோகவும் வந்தவை. சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டியதுதான். நம் ஊர் லாரிக்காரர்கள் 'ரிட்டர்ன் லோடு' தேடுவது போலத்தான் கணக்கு: திரும்பும் வழியில் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வந்தால் தனி விமானம் தேவையில்லை, கப்பலில் அலைக்கழிய வேண்டியதில்லை. நோயாளிகள் ஏறினால் கவனிக்க ஆள் வேண்டும். இப்படி, சரக்குக் கணக்கின் ஓரத்தில் பிறந்தது பிரிட்டனின் முதல் பெரிய விமானச் செவிலியப் பணி.

சிஸ்டர்கள் இருக்க, ஆர்டர்லிகளை ஏன் அனுப்பினார்கள்?

சிஸ்டர் என்றால் மருத்துவமனையில் மூன்றாண்டுக்குக் குறையாமல் படித்து, 1919-ம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவர். விமானப்படையில் அதிகாரிக்குச் சமமான மதிப்பு அவருக்கு உண்டு. போர்க்காலத்தில் அவர்களுக்குக் கடும் தட்டுப்பாடு. ஒரு சிஸ்டர் வார்டில் இருந்தால் பல ஆர்டர்லிகளை மேற்பார்வை பார்ப்பார். விமானத்தில் இருந்தால் அந்த ஒரு விமானத்தோடு சரி. வந்து இறங்குபவர்களுக்கு அறுவைச் சிகிச்சையும் தீவிரக் கவனிப்பும் தேவைப்படுவது தரையில்தானே என்று மேலிடம் நினைத்திருக்கலாம். நிர்வாகக் கணக்காகப் பார்த்தால் நியாயம் இருக்கிறது.

ஆனால் அமெரிக்கர்கள் இதே கேள்விக்கு வேறு பதில் எழுதினார்கள். கென்டக்கியில் பவ்மன் ஃபீல்டு என்ற தளத்தில் பதிவு பெற்ற நர்சுகளுக்கே தனிப் பயிற்சி கொடுத்து, 1943 பிப்ரவரியில் முதல் அணியை விமான நர்சுகள் என்று அங்கீகரித்துச் சிறகு முத்திரையோடு அனுப்பினார்கள். அவர்கள் எல்லோரும் அதிகாரிகள். அதே ஆங்கிலக் கால்வாயின் மேல், அதே மாதத்தில், அதே டகோட்டா ரகத்தில் அமெரிக்க லெஃப்டினன்ட்டும் பிரிட்டிஷ் ஆர்டர்லிப் பெண்ணும் பறந்தார்கள். செய்த வேலை ஏறக்குறைய ஒன்று. பதவி, சம்பளம், பின்னாளில் கிடைத்த பெயர் எல்லாம் வேறு.

பிரிட்டிஷ் பெண்களுக்குப் பறப்பதற்காகக் கிடைத்த கூடுதல் படி நாளுக்கு எட்டு பென்ஸ். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ் என்ற காலம். ஒரு ஷில்லிங்கைக்கூட முழுதாகக் கொடுக்க மனம் வரவில்லை.

என்ன பயிற்சி கொடுத்தார்கள்?

ஏற்கெனவே விமானப்படை மருத்துவமனைகளில் வேலை செய்த ஆர்டர்லிகளிடம் பறக்க விருப்பமா என்று கேட்டார்கள். கட்டாயம் இல்லை. ஒப்புக்கொண்டவர்களுக்கு லண்டன் அருகே ஹென்டன் தளத்தில் குறுகிய காலப் பயிற்சி: ஆக்சிஜன் கொடுப்பது, ஊசி போடுவது, கை கால் இழந்தவர், தலையில் அடிபட்டவர், தீக்காயம் பட்டவர் ஆகியோரை எப்படிக் கையாள்வது, உயரம் போகப்போக உடலில் என்ன நடக்கும் என்பது. விமானம் கடலில் இறங்க நேர்ந்தால் ரப்பர் படகை எப்படி விரிப்பது என்ற ஒத்திகையும் உண்டு. பலருக்கு விமானத்தில் ஏறியதே அதுதான் முதல் தடவை.

ஜூன் 13 அன்று சரியாக என்ன நடந்தது?

233-வது ஸ்குவாட்ரன் என்ற விமான அணியின் டகோட்டாக்கள் பிளேக்ஹில் ஃபார்மிலிருந்து காலையில் கிளம்பின. உள்ளே சரக்கு, சரக்கோடு ஆர்டர்லிகள். துணைக்கு ஸ்பிட்ஃபயர் போர்விமானங்கள். இறங்கிய இடம் பேயு நகருக்குக் கிழக்கே பாசன்வில் என்ற கிராமத்தை ஒட்டி, ராணுவப் பொறியாளர்கள் வயலைச் சமன்செய்து கம்பிவலை விரித்து அவசரமாகப் போட்ட ஓடுதளம். பி-2 என்பது அதன் குறியீடு. அந்த ஜூன் மாதம் நார்மண்டி ஓடுதளங்களைப் பற்றி எழுதிய யாரும் புழுதியைச் சொல்லாமல் விட்டதில்லை. ஒவ்வொரு விமானமும் ஏறி இறங்கும்போது மாவு போன்ற மண் எழும்பி எஞ்சினிலும் கண்ணிலும் கட்டுத்துணியிலும் படியும்.

சரக்கை இறக்க இறக்க, உள்ளே ஸ்ட்ரெச்சர் மாட்டும் பட்டைகளைத் தொங்கவிட வேண்டும். காயம்பட்டவர்கள் ஓடுதளத்தின் ஓரத்திலேயே ஸ்ட்ரெச்சர்களில் காத்திருந்தார்கள். ஏற்றி, கட்டி, கதவைச் சாத்தி மேலே எழும்பினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும் பயணம். திரும்பி வந்தபோது பிளேக்ஹில் ஃபார்மில் நிருபர்களும் கேமராக்காரர்களும் கூட்டமாக நின்றார்கள். நாம் இன்று பார்க்கும் புகைப்படங்கள் அப்போது எடுத்தவை. பேட்டில்டிரெஸ் என்ற படை உடுப்பு போட்ட இளம்பெண்கள் அதில் சிரிக்கிறார்கள். 'பறக்கும் நைட்டிங்கேல்கள்' என்ற பெயரும் பத்திரிகைக்காரர்கள் வைத்ததே. விமானப்படையின் எந்த உத்தரவிலும் அப்படி ஒரு பெயர் இல்லை.

இறக்கியவர்களைத் தளத்திலேயே இருந்த வான்வழி நோயாளிகள் மையத்தில் பார்த்துத் தரம் பிரித்து, ஸ்விண்டன் அருகே இருந்த ரவுட்டன் விமானப்படை மருத்துவமனைக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள்.

விமானத்தில் செஞ்சிலுவைக் குறி இல்லையே, ஏன்?

போகும்போது உள்ளே வெடிமருந்து. 1929-ம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கையின்படி, காயம்பட்டவர்களைக் கொண்டுசெல்வதற்கு மட்டுமே ஒதுக்கிய, வெள்ளை வண்ணம் பூசிச் செஞ்சிலுவை வரைந்த விமானத்துக்குத்தான் பாதுகாப்பு. காலையில் குண்டுகளை ஏற்றி, மதியம் நோயாளியை ஏற்றும் விமானத்தில் அந்தக் குறியைப் போட்டால் அது உடன்படிக்கை மீறல். ஆகவே வரும்போது உள்ளே ஸ்ட்ரெச்சர்கள் நிறைந்திருந்தாலும் எதிரியின் கண்ணுக்கு அது சாதாரணப் படை விமானம்தான். சுட்டால் சட்டப்படி குற்றம் சொல்ல முடியாது.

குறி இருந்திருந்தாலும் எவ்வளவு பாதுகாப்புத் தந்திருக்கும் என்பது வேறு விஷயம். 1940 ஜூலையில், கால்வாயின் மேல் செஞ்சிலுவைக் குறியோடு பறந்த ஜெர்மானியக் கடல்விமானங்கள் உளவு பார்க்கின்றன என்று சொல்லி, அவற்றைச் சுடுவோம் என அறிவித்தது பிரிட்டிஷ் அரசேதான்.

ஆபத்து கற்பனை அல்ல. 1942 ஆகஸ்ட் 7-ல் எகிப்தில் காயம்பட்ட வீரர்களை ஏற்றிக்கொண்டு கெய்ரோவுக்குப் புறப்பட்ட பாம்பே ரக விமானம் ஒன்றை ஜெர்மானியப் போர்விமானங்கள் சுட்டு வீழ்த்தின. பிரிட்டனின் எட்டாம் படையின் தளபதியாக நியமிக்கப்பட்டிருந்த ஜெனரல் காட் அதில் இருந்தார் என்பதால் அந்தச் செய்தி இன்றும் நினைவில் இருக்கிறது. அவருக்குப் பதிலாக வந்தவர்தான் மான்ட்கமரி. ஸ்ட்ரெச்சரை விட்டு எழ முடியாமல் எரிந்துபோனவர்களின் கதையை அந்த வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

பாராசூட் கொடுக்கவில்லை என்பது உண்மையா?

திரும்பும் பயணத்தில் இல்லை. நோயாளிகளுக்குப் பாராசூட் கிடையாது; அவர்களை விட்டுவிட்டு ஆர்டர்லி மட்டும் குதிப்பதை விமானப்படை அனுமதிக்கவில்லை. எழுதப்பட்ட ஆணையாக இல்லாவிட்டாலும் குதித்திருப்பார்களா என்பது சந்தேகமே.

விமானத்துக்குள் உண்மையில் என்ன வேலை?

இதைத்தான் நர்சிங் மாணவர்கள் அதிகம் கேட்க வேண்டும், குறைவாகக் கேட்கிறார்கள்.

டகோட்டாவில் 18 ஸ்ட்ரெச்சர்கள், கூடவே உட்கார்ந்து வரக்கூடிய ஆறு பேர். ஸ்ட்ரெச்சர்கள் இரு பக்கச் சுவரை ஒட்டி மூன்றடுக்காகத் தொங்கும். நடுவில் ஒருவர் நடக்க இடம். மேலடுக்கில் இருப்பவரைப் பார்க்க எட்டிப்பிடித்து நிற்க வேண்டும், கீழடுக்குக்கு மண்டியிட வேண்டும். இவ்வளவு பேருக்கும் ஒரே ஓர் ஆர்டர்லி. டாக்டர் கிடையாது. முன்னால் இருக்கும் விமானிகளுக்கு அவர்கள் வேலை.

சத்தம் காதைப் பிளக்கும். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் எஞ்சின்தான் கேட்கும். நோயாளி முனகினால் கேட்காது, கூப்பிட்டாலும் கேட்காது. கண்ணும் விரலும்தான் கருவி: உதட்டின் நிறம், மூச்சின் வேகம், மணிக்கட்டில் நாடி, கட்டின் ஓரத்தில் ஊறிவரும் ரத்தம். பிளாஸ்க்கில் தேநீர், போர்வை, ஆக்சிஜன், கட்டுத்துணி, பெட்பேன், வாந்திக்குப் பாத்திரம். குளிருக்கும் பயத்துக்கும் தேநீர் பெரிய மருந்தாக இருந்திருக்கிறது. வயிற்றில் குண்டடி பட்டவருக்கு அதைக் கொடுத்துவிடக் கூடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது உயரம். டகோட்டாவில் காற்றழுத்தச் சீரமைப்பு இல்லை. மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உடலுக்குள் அடைபட்ட காற்று விரியும். 8,000 அடியில் அதன் அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடும். 18,000 அடியில் இரு மடங்காகும். நலமாக இருப்பவருக்குக் காது அடைப்பதோடு போகும். நெஞ்சில் குண்டு பாய்ந்து நுரையீரலைச் சுற்றிக் காற்று தங்கியவருக்கு அது மூச்சையே அடைக்கும். குடலில் தையல் போட்டிருந்தால் தையல் இழுபடும். மண்டை உடைந்தவருக்கு உள்ளே அழுத்தம் ஏறும். அதோடு காற்றில் ஆக்சிஜனும் குறைவு. ரத்தம் இழந்தவருக்கு அது இரட்டை அடி. மாவுக்கட்டுக்குள் கால் வீங்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும் என்பதால் விரல் நுனிகளை அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கால்வாயைத் தாண்டும் பயணத்தில் மலை இல்லை, தூரமும் குறைவு என்பதால் விமானிகள் தாழப் பறக்க முடிந்தது. அது நோயாளிக்கு நல்லது. ஆனால் தாழப் பறந்தால் விமானம் அதிகம் குலுங்கும், வாந்தி வரும். தாடை உடைந்து வாயைக் கம்பியால் கட்டியிருக்கும் ஒருவருக்கு வாந்தி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால், ஒரே ஆளை 24 பேருக்கு அனுப்பியது எவ்வளவு துணிச்சலான ஏற்பாடு என்பது தெரியும். அழுத்தம் சீராக்கிய விமானங்கள் வந்த பின்னும் இந்தப் பாடத்தின் அடிப்படை மாறவில்லை. இன்றைய விமான நர்சிங் வகுப்பிலும் காற்று விரிவது முதல் பாடங்களில் ஒன்று.

எத்தனை பேர் பறந்தார்கள், எத்தனை பேரைக் கொண்டுவந்தார்கள்?

சுமார் 200 பெண் ஆர்டர்லிகள். ஆண் ஆர்டர்லிகளும் இவர்களோடு முறைபோட்டுப் பறந்தார்கள். புகைப்படங்களில் அவர்கள் இல்லாததால் கதைகளிலும் இல்லை. 1944 ஜூனிலிருந்து போர் முடியும்வரை வடமேற்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான காயம்பட்டவர்கள் வான்வழியாக பிரிட்டனுக்கு வந்தார்கள். படை முன்னேற முன்னேறத் தளமும் முன்னேறியது. பிற்பாடு பிரசல்ஸ் நகரின் எவெர் விமானத்தளம் முக்கியப் புள்ளியானது. கடைசி மாதங்களில் காயம்பட்டவர்களோடு, முகாம்களிலிருந்து மீட்கப்பட்டு எலும்பும் தோலுமாக இருந்த போர்க்கைதிகளும் ஏறினார்கள்.

அப்படியானால் சிஸ்டர்கள் போர்முனைக்கே போகவில்லையா?

போனார்கள், கடல்வழியாக. ஐரிஸ் ஓகில்வி, மோலி கைல்ஸ் என்ற இரண்டு விமானப்படை சிஸ்டர்கள் நடமாடும் கள மருத்துவமனையோடு 1944 ஜூன் 12-ல் ஜூனோ கடற்கரையில் இறங்கினார்கள். ஆர்டர்லிகள் பறந்துபோனதற்கு முதல் நாள். அந்தக் கள மருத்துவமனைகளில் சிஸ்டர்கள் தேற்றிப் பயணத்துக்குத் தயார்செய்தவர்களைத்தான் ஆர்டர்லிகள் ஏற்றிக்கொண்டார்கள். இரு தரப்புக்கும் போட்டி வைத்து யார் முதல் என்று அடித்துக்கொள்ளும் விவாதங்களில் எனக்கு ஆர்வமில்லை.

ஆசியப் போர்முனையில் என்ன நடந்தது?

அளவில் பார்த்தால் ஐரோப்பாவுக்குக் குறைந்ததல்ல. 1944-ல் இம்பால் முற்றுகையின்போது விமானங்கள் சரக்கைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பும்போது சுமார் 13,000 நோயாளிகளையும் காயம்பட்டவர்களையும் வெளியே கொண்டுவந்தன. இங்கும் அதே திரும்பு பயணக் கணக்குதான். அமெரிக்கத் தரப்பில் 803-வது வான்வழி மருத்துவ ஸ்குவாட்ரனின் நர்சுகள் இந்தியா, பர்மா வானில் பறந்துகொண்டிருந்தார்கள்.

இலங்கையோடு தொடர்புள்ள ஒரு சம்பவமும் உண்டு. 1944 ஜூனில், பர்மாவின் உட்பகுதியில், ஜப்பானியரின் பின்பக்கம் ஊடுருவிப் போரிட்ட சின்டிட் படையினர் மலேரியாவும் சீதபேதியும் காயமுமாக இந்தாஜி ஏரிக்கரையில் சிக்கிக்கொண்டார்கள். பருவமழை, ஓடுதளம் முழுக்கச் சேறு. காலிக்குப் பக்கத்தில் கொக்கல ஏரியைத் தளமாகக் கொண்டிருந்த 230-வது ஸ்குவாட்ரனின் சண்டர்லாந்து பறக்கும் படகுகள் இரண்டை அஸ்ஸாமுக்கு வரவழைத்தார்கள். கடலில் நீர்மூழ்கிகளைத் தேடக் கட்டிய விமானம் பிரம்மபுத்திராவிலிருந்து எழும்பி, மலைகளைத் தாண்டி, காட்டு ஏரியில் இறங்கியது. மழைமேகத்துக்கு நடுவே பல தடவை போய்வந்து 500-க்கும் மேற்பட்டவர்களை மீட்டன. வீரர்கள் அந்த இரண்டு விமானங்களுக்கும் வானொலி நகைச்சுவை ஜோடியான கெர்ட், டெய்சி என்ற பெயர்களை வைத்தார்கள்.

போருக்குப் பின் இந்தப் பணி என்ன ஆனது?

இங்கேதான் சிஸ்டர்கள் முழுமையாக வானேறுகிறார்கள். 1949-ல் பெண்கள் துணைப்படை முறையான விமானப்படைப் பெண்கள் பிரிவாக மாறியது. செவிலியர் சேவையும் முறைப்படுத்தப்பட்டது. கொரியப் போரிலும் மலாயா நெருக்கடியிலும் காயம்பட்டவர்களை ஹேஸ்டிங்ஸ் என்ற நான்கு எஞ்சின் விமானங்களில் சிங்கப்பூர் சாங்கியிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மணி நேரக் கால்வாய்ப் பயணம் அல்ல. பல நாள், பல நிறுத்தம். அந்த வழியில் ஒரு நிறுத்தம் நீர்கொழும்பு விமானப்படைத் தளம், இன்றைய கட்டுநாயக்க விமான நிலையம். ஒரே நோயாளிகளோடு நாள்கணக்கில் பயணம் என்றபோது ஆர்டர்லியை மட்டும் அனுப்பி ஒப்பேற்ற முடியாது. பதிவு பெற்ற சிஸ்டர், அவருக்குக் கீழே ஆர்டர்லி என்று குழுவாகப் பறக்கும் முறை வேரூன்றியது அப்போதுதான். 1956-லிருந்து காமெட் ஜெட் விமானங்கள் வந்து பயண நேரத்தை வெகுவாகக் குறைத்தன.

1980-ல் இந்தச் சேவையில் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். சேவை இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

1944-ல் பறந்த பெண்களுக்கு அங்கீகாரம் கிடைத்ததா?

போர் முடிந்ததும் பெரும்பாலோர் வீட்டுக்குப் போனார்கள். பதிவு பெற்ற நர்ஸ் ஆக விரும்பியவர்கள் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. குண்டடிபட்ட 24 பேரைத் தனியாளாகக் கொண்டுவந்த அனுபவம் படிப்புக் கணக்கில் வரவில்லை. 2008-ல், அப்போது உயிரோடு இருந்தவர்களில் ஏழு பேருக்கு வாழ்நாள் சாதனை விருது வழங்கப்பட்டது. கொடுத்தவர் அன்றைய கார்ன்வால் கோமகள் கமிலா. 64 ஆண்டு தாமதம். எல்லோரும் எண்பதைத் தாண்டியிருந்தார்கள்.

இங்கிலாந்து போனால் எதைப் பார்க்கலாம்?

டவுன் ஆம்ப்னி கிராமத்துத் தேவாலயத்தில் அங்கிருந்து பறந்தவர்களுக்காக ஒரு நினைவு வண்ணக்கண்ணாடிச் சாளரம் இருக்கிறது. நெதர்லாந்தில் நடந்த அர்னெம் போரில் பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற டகோட்டா விமானி டேவிட் லார்டு அந்தத் தளத்தைச் சேர்ந்தவர் என்பதால் போர் வரலாற்று ஆர்வலர்களும் அங்கே வருகிறார்கள். பிளேக்ஹில் ஃபார்ம் இப்போது வில்ட்ஷயர் வனவிலங்கு அறக்கட்டளையின் புல்வெளிக் காப்பகம். ஓடுதளத்தைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். ஆர்டர்லிகள் பயிற்சி பெற்ற ஹென்டனில் விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது, அனுமதி இலவசம். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் லண்டனிலிருந்து போய்வர எளிது அதுதான்.